அப்பிள் மரமும் நாவல் மரமும்

ஆசிரியத் தொழிலில் ஐந்தாறு வருடங்களைக் கழித்தவர் எவரும் ஒருவகைச் சலிப்பை அறிந்திருப்பர். தொண்டை வறள ஒரு பாடத்தைச் சொல்லி முடித்தபின், முன் வாங்கிலிருக்கும் பிள்ளை அதைச் சொல்லுக்குச் சொல் ஒப்புவிக்கும். பொருளைக் கேட்டால் விழிக்கும். அவ்வேளையில் ஆசிரியர் வாயில் முதலில் வருவது பிள்ளையைப் பற்றிய தீர்ப்பேயாகும். ‘மூளை போதாது’ என்பார். ‘குடும்பம் அப்படி’ என்பார். சற்றுத் துணிந்தவரானால் ‘இந்த ஊரே அப்படி’ என்றுஞ் சொல்வார். தமக்கு இடப்பட்ட வேலையே பிழையானதாக இருக்கலாம் என்ற ஐயம் கடைசியாகவே, பெரும்பாலும் ஓய்வூதியம் பெறும் வயதிலேயே, தோன்றுகிறது.

ஓர் அரசாங்கம் நூற்றுக்கணக்கான ஆசிரியர்களை ஒரே காலத்தில் இத்தகைய சலிப்புக்குள் அனுப்பிவைத்த கதை ஒன்று வரலாற்றில் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிலிப்பைன் தீவுகளுக்கு ஆங்கிலங் கற்பிக்கச் சென்ற அமெரிக்கரின் கதை அது. நம்மவரிடையே அது அதிகம் பேசப்படுவதில்லை. ஆங்கிலக் கல்வி என்றதும் நாம் மெக்கோலேயை நினைப்போம், கோல்புறூக்கை நினைப்போம். பசிபிக் கடலின் மேற்குக் கரையில் நடந்தது நம் கவனத்துக்கு வருவதில்லை.

1901ஆம் ஆண்டு யூலை 23ஆந் திகதி ‘தோமஸ்’ என்னும் அமெரிக்க இராணுவக் கப்பல் சான் பிரான்சிஸ்கோவை விட்டுப் புறப்பட்டது. படைவீரரையும் வெடிமருந்தையும் ஏற்றிச் செல்வதற்கென அமைந்த அக்கப்பலில் அன்று சுமார் 500 ஆசிரியர் இருந்தனர். ஆண்களே பெருந்தொகையினர், பெண்களும் கணிசமாக இருந்தனர். ஹார்வர்ட், யேல், கோர்னெல், மிச்சிகன் முதலிய பல்கலைக்கழகங்களிலே பட்டம் பெற்றோரும், சிற்றூர்ப் பாடசாலைகளிற் பல்லாண்டு படிப்பித்தோரும் கலந்திருந்தனர். தென்னிஸ் மட்டை, பேஸ்போல் தடி, புகைப்படக் கருவி, வாத்தியங்கள் என்று பலதும் அவர்தம் மூட்டைகளில் இருந்தன. மாதச் சம்பளம் 75 டொலரிலிருந்து 125 டொலர்வரை எனச் சட்டம் நிர்ணயித்திருந்தது. தொண்டு மனப்பான்மையோடு சென்றவர் உண்டு. கடன் தீர்க்கச் சென்றவர் உண்டு. செலவின்றிக் கீழைத்தேசம் பார்க்கலாம் என்று சென்றவரும் உண்டு. ஓகஸ்ட் 21ஆந் திகதி கப்பல் மணிலாத் துறையை அடைந்தது. அதற்கு முன்னும் பின்னும் வேறு கப்பல்களில் வந்த ஆசிரியர்களையுஞ் சேர்த்து ‘தோமஸ்காரர்’ என்றே பின்னாளிற் பிலிப்பைன் மக்கள் அழைக்கலாயினர்.

அவர்கள் இறங்கிய நாடு இருட்டிற் கிடந்த நாடென்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. உண்மை வேறு. முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆண்ட ஸ்பானியருக்கெதிராக 1896இல் புரட்சி மூண்டது. அவ்வாண்டு டிசெம்பர் 30ஆந் திகதி, நாவலாசிரியரும் வைத்தியருமான ஹொசே ரிசாலை ஸ்பானியர் சுட்டுக் கொன்றனர். 1898 யூன் 12இல் பிலிப்பைன் மக்கள் தமது சுதந்திரத்தைப் பிரகடனஞ் செய்தனர். மலோலோஸ் நகரிற் கூடிய அவர்களது பேரவை வகுத்து, 1899இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, பொதுக் கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் இருத்தல் வேண்டும் என விதித்தது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பல்கலைக்கழகத்தையுந் திறந்தார்கள். ஆனால் 1898 டிசெம்பரிற் பாரிஸ் நகரில் ஸ்பானியாவும் அமெரிக்காவும் கையொப்பமிட்ட உடன்படிக்கைப்படி, 20 மில்லியன் டொலருக்கு அத்தீவுகள் கைமாறின. விலைபோன மக்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1899 பெப்ரவரியிற் பிலிப்பைன் குடியரசுக்கும் அமெரிக்காவுக்கும் போர் தொடங்கியது. தோமஸ் கப்பல் மணிலாவை அடைந்தபொழுது குடியரசின் தலைவர் அகினால்டோ பிடிபட்டிருந்தார். மக்களின் எதிர்ப்பு மட்டும் அடங்கியிருக்கவில்லை.

ஆசிரியர்கள் ஊர்களுக்கு அனுப்பப்பட்ட சில வாரங்களில், செப்டெம்பர் 28ஆந் திகதி, சமார் தீவிலுள்ள பலங்கிகா என்னும் ஊரில் அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்றைக் கிராமத்தார் காலையுணவு வேளையில் வெட்டிச் சாய்த்தனர். 40க்கு மேற்பட்ட படையினர் மாண்டனர். பழிவாங்கப் புறப்பட்ட தளபதி ஜேக்கப் ஸ்மித், ஆயுதந் தாங்கக்கூடிய அனைவரையுங் கொல்லும்படி உத்தரவிட்டான். எத்தனை வயதுக்கு மேல் என்று கேட்கப்பட்டபோது, பத்து வயதுக்கு மேல் என்றான். இது 1902இல் அவனை விசாரித்த இராணுவ மன்றிலே வெளிவந்த செய்தி. அதற்குக் கிடைத்த தண்டனை கண்டிப்பும் கட்டாய ஓய்வுமே. பத்து வயது என்பது ஆரம்பப் பாடசாலை வயது. சமாருக்கு எதிர்க்கரையிலுள்ள லெய்ட்டே தீவில் அதே மாதங்களில் அமெரிக்க ஆசிரியர் கரும்பலகையில் எழுத்துக்களை எழுதிக் காட்டிக்கொண்டிருந்தனர்.

இவ்விரண்டும் தற்செயலாக அருகருகே நிகழவில்லை. இராணுவ ஆளுநராயிருந்த ஆதர் மக்ஆதர், பாடசாலைகளுக்குப் பெருந்தொகைப் பணம் ஒதுக்கும்படி சிபார்சு செய்தபோது, அது இராணுவ நடவடிக்கைக்கு ஒரு துணை என்றே வெளிப்படையாக எழுதினார். மக்களை அமைதிப்படுத்தப் பள்ளிக்கூடத்தைப் போல விரைவாகப் பயன்தருவது பிறிதில்லை என்பது அவர் கணிப்பு. ஏகாதிபத்தியவாதிகள் எல்லாரும் இவ்வளவு நேர்மையாகப் பேசுவதில்லை.

இங்கே ஒன்றை மறந்துவிடலாகாது. அந்த மக்கள் அந்நிய மொழியை வெறுத்தவரல்லர். ஸ்பானியர் காலத்தில் அவர்களது முறைப்பாடு எதிர்மாறானதாயிருந்தது. பாதிரிமார் தம் மொழியை மக்களுக்குக் கற்பிக்க விரும்பவில்லை. எசமானின் பேச்சு வேலைக்காரனுக்கு விளங்கினால் ஆபத்து என்பது அவர் எண்ணம். 1888 டிசெம்பரில் மலோலோஸ் நகரத்து இளம் பெண்கள் சிலர், ஸ்பானிய மொழி படிக்க ஓர் இராப் பாடசாலை வேண்டுமென ஆளுநரிடம் நேரே விண்ணப்பங் கொடுத்தனர். ஊர்ப் பாதிரியார் எதிர்த்தார். பெண்கள் விடவில்லை. ஈற்றில் அவர்கள் சொந்தச் செலவிலே பாடசாலை நடந்தது. சில மாதங்களில் மூடப்பட்டது. ஐரோப்பாவிலிருந்த ரிசால் அப்பெண்களைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். ஆயினும், 1891இல் வெளிவந்த தமது இரண்டாவது நாவலில் அதே ரிசால், ஸ்பானிய மொழிக் கழகத்துக்காக மனுக்கொடுத்து அலையும் மாணவரைப் படைத்து, அந்நிய மொழியை யாசிப்பதால் என்ன விடுதலை வரும் என்று ஒரு பாத்திரத்தைக் கொண்டு அவர்களை இடித்துரைக்கவும் வைத்தார். விவாதத்தின் இரு பக்கமும், அமெரிக்கர் வருமுன்பே, அந்நாட்டிற் பேசப்பட்டாயிற்று.

ஸ்பானியர் கதவைப் பூட்டி ஆண்டனர். அமெரிக்கர் கதவைத் திறந்து ஆளலாம் எனக் கண்டனர். 1901 ஜனவரி 21இல் நிறைவேறிய 74ஆம் இலக்கச் சட்டம், சாத்தியமான விரைவில் எல்லாப் பொதுப் பாடசாலைகளிலும் ஆங்கிலமே போதனையின் அடிப்படை ஆகவேண்டும் என்றது. அமெரிக்காவிலிருந்து ஆயிரம் ஆசிரியரை வருவிக்கவும் அதிகாரமளித்தது. வியப்பென்னவெனில், 1900 ஏப்ரலில் அமெரிக்க சனாதிபதி மக்கின்லி எழுதிய பணிப்புரை, கல்வி முதலில் மக்களின் மொழியிலேயே அளிக்கப்படல் வேண்டும் எனக் கூறியிருந்தது. பல மொழிகள் வழங்கும் நாடாதலால் பொதுமொழியாக ஆங்கிலம் வருவது விரும்பத்தக்கது என்பது அதற்கடுத்த வாக்கியம். ஒன்பது மாதங்களுள் முதல் வாக்கியம் மறைந்துபோக, அடுத்தது சட்டமாயிற்று. பல மொழிகளில் நூல் அச்சிடச் செலவாகும் என்றார்கள். கீழைத்தேச வாணிகத்தின் மொழி ஆங்கிலம் என்றார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கும் வாணிகத்துக்கும் என்ன தொடர்பென்று கேட்பார் இல்லை.

இனி அந்த ஆசிரியரின் நிலையைப் பார்ப்போம். மணிலாவிலிருந்து கரையோரக் கப்பலிலும் மாட்டு வண்டியிலும் சென்று ஓர் ஊரில் இறங்குவார். பாடசாலை என்று காட்டப்படுவது ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளமாக இருக்கும், அல்லது நீப்பா ஓலை வேய்ந்த கொட்டில். வாங்கு இராது, சிலேட்டு இராது, புத்தகம் எப்போது வருமென எவருக்குந் தெரியாது. சம்பளம் நாட்கணக்கிற் பிந்தும். வரும்பொழுது, வெள்ளியின் விலை சரிந்துகொண்டிருந்த அக்காலத்தில், மெக்சிக்க வெள்ளிக் காசாக வந்து கையிலேயே தேயும். 1902இல் வாந்திபேதி பரவி, இரண்டாண்டில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டுபோயிற்று. ஆசிரியர் சிலரும் நோயால் மாண்டனர். சிலர் கொள்ளைக்காரர் கையாலும் இறந்தனர். இவற்றைச் சிறுமைப்படுத்துதல் நியாயமன்று. பல்லாயிரம் மைலுக்கப்பால் பெற்றாரை விட்டுவந்த இருபத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி, ஊரிலே தன் மொழி பேச ஒருவருமின்றி, மழைக் காலத்து இரவுகளைக் கழித்தமை துன்பமே.

ஆனால், அவர்கள் ஊருக்கெழுதிய கடிதங்களிலும் பிற்பாடு எழுதிய நூல்களிலும் காணப்படும் பெருஞ் சலிப்பு மழையைப் பற்றியதன்று, பிள்ளைகளைப் பற்றியது. லெய்ட்டே தீவிலுள்ள பாலோ என்னும் ஊரிற் படிப்பித்த ஹரி கோல் என்பவரின் கடிதங்கள் இன்றும் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் பேணப்படுகின்றன. உற்சாகத்தோடு வந்த மனிதர் சில மாதங்களிலேயே மாறிவிடுகிறார். தம் மாணவரைக் குரங்குகளுக்கு ஒப்பிட்டு எழுதும் அளவுக்கு அவர் மனம் கசந்துவிடுகிறது. இதைப் படிக்கும் நமக்குக் கோபம் வருவது இயல்பு. கோபம் தணிந்தபின் மற்றொன்றும் தோன்றும்: அப்பிள்ளைகளின் மொழியில் அவர்கள் அறிந்தது எவ்வளவு என்பதைக் காணும் வாய்ப்பே இம்மனிதருக்கு இருக்கவில்லை. கடலையும் காற்றையும், நெல்லையும் தென்னையையும் பற்றி அப்பிள்ளைக்குத் தெரிந்ததிற் பாதியும் ஆசிரியருக்குத் தெரியாது. தன் வாயைக் கட்டிவிட்டு அந்நியன் வாயாற் பேசும்படி கேட்கப்பட்ட பிள்ளை, ஊமையாகத்தான் தோன்றும்.

காப்பிஸ் என்னும் ஊரிற் படிப்பித்த மேரி ஃபீ என்ற அம்மையார், 1910இல் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். கோலைப்போற் கசந்தவரல்லர், நகைச்சுவையும் கூர்மையும் உள்ளவர். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கேற்ற பாடநூல் எழுதுவதிலும் பங்குகொண்டார். ஆயினும் தாமேன் அங்கே நிற்கிறார் என்ற கேள்வியை அவரும் நெருங்கி வந்து விலகிவிடுகிறார். சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள் அக்கேள்விக்கு அருகில் அதிக நேரம் நிற்பதில்லை. இது அமெரிக்கருக்கு மட்டும் உரிய குணமுமன்று.

அந்தப் பாடநூல்கள்! முதலில் வந்து சேர்ந்தவை அமெரிக்கப் பிள்ளைகளுக்காக அச்சிட்டவையே. பனி பெய்தது; சிறுவர் சறுக்கி விளையாடினர்; அப்பிள் மரம் காய்த்தது. வியர்வை வழிய ஓலைக் கொட்டிலில் இருந்தபடி பிள்ளைகள் பனியைப் பற்றி உரத்து வாசித்தனர். நாமும் யாழ்ப்பாணத்து வெயிலிலே ‘ஏ’ என்றால் அப்பிள் என்று பாடியவர்களே. அதை விளக்கத் தேவையில்லை. சிரிப்புக்கிடமான செய்தி ஒன்றையும் இடையிற் சொல்லிவைக்கலாம். பிலிப்பைன் பாடசாலைகளுக்காக அந்நாட்டு வரலாற்றை 1905இல் எழுதியவர் பிறெஸ்கொட் ஜேர்னிகன் என்னும் அமெரிக்கர். இவர் முன்னாளில் ஒரு மதபோதகர். கடல்நீரிலிருந்து தங்கம் எடுக்கலாமென்று கூறி மெயின் மாநிலத்தில் ஒரு கம்பனியைத் தொடங்கி, 1898இல் அந்தப் புரட்டு வெளிப்பட்டதும் நாட்டைவிட்டு ஓடியவர். தம் நாட்டின் கடந்தகாலத்தைப் பிலிப்பைன் பிள்ளைகள் இவரிடமிருந்து அறிய நேர்ந்தது.

இனி, இக்கதையின் மிக முக்கியமான சாட்சிக்கு வருவோம். 1903ஆம் ஆண்டு இறுதியில், மாதம் 100 டொலர் சம்பளத்துக்கு மணிலா வந்து சேர்ந்தவருள் கார்ட்டர் வூட்சன் என்பவர் ஒருவர். கறுப்பினத்தவர். தாயுந் தந்தையும் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள். வேர்ஜீனியாவில் வறிய விவசாயக் குடும்பத்திற் பிறந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து, ஏறத்தாழ இருபது வயதிலேயே உயர்தரப் பாடசாலைக்குட் புகுந்தவர். அடிமைகளின் மகன், அடிமைப்பட்ட வேறொரு மக்களுக்கு எசமானரின் மொழியைக் கற்பிக்க எசமானராலேயே அனுப்பப்பட்டார். நுவேவா எசீகா மாகாணத்திலும் பின்னர்ப் பங்காசினானிலும் 1907வரை பணிபுரிந்தார். அமெரிக்கா மீண்டபின் ஹார்வர்டிலே கலாநிதிப் பட்டம் பெற்று, கறுப்பின மக்களின் வரலாற்றை எழுதுவதற்கென 1915இல் ஒரு சங்கத்தை நிறுவி, அவ்வியலின் தந்தை எனப் பெயர்பெற்றார்.

1933இல் வூட்சன் வெளியிட்ட நூல், அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு அளிக்கப்பட்ட கல்வி அவர்களை எவ்வாறு தம்மையே இழிவாக எண்ணவைத்தது என்பதை ஆராய்வது. அதனிடையே திடீரெனப் பிலிப்பைன் நினைவொன்று வருகிறது. பெரிய பல்கலைக்கழகங்களிலிருந்து போதனா முறைகளை யெல்லாங் கரைத்துக் குடித்து வந்தவர்கள் அங்கே தோற்றார்கள் என்கிறார். வென்றவர் ஒருவரைக் குறிப்பிடுகிறார், பெயர் சொல்லவில்லை. அம்மனிதர் முன்னர்க் காப்புறுதி வியாபாரம் செய்தவர். ஆசிரியப் பயிற்சி இல்லாதவர். பிள்ளைகளைச் சூழ்ந்திருந்த பொருள்களையே வகுப்பறைக்குட் கொண்டுவந்து நிரப்பினார். பாம்பைப் பற்றிய பாடமென்றால் பாம்பே வகுப்புக்கு வந்தது. அப்பிள் மரத்தை உலுக்குவோம் என்ற அமெரிக்கச் சிறுவர் பாட்டை அவர் பாடுவிக்கவில்லை. லொம்பொய் மரத்தை உலுக்குவோம் என்று மாற்றிப் பாடச் செய்தார். பிள்ளைகள் நாள்தோறும் செய்துவந்த காரியம் அது. ஜோர்ஜ் வாஷிங்டன் பொய் சொல்லாத கதையை விட்டு, ஹொசே ரிசாலின் கதையைச் சொன்னார்.

லொம்பொய் என்பது வேறொன்றுமன்று, நமது நாவல். நாக்கு ஊதாவாகும்வரை நாவற்பழம் தின்று, வீட்டில் ஏச்சு வாங்கிய எவருக்கும் அந்த வகுப்பறையின் மகிழ்ச்சி விளங்கும்.

வூட்சன் இதைச் சொன்னது அமெரிக்க ஆட்சியைப் புகழ்வதற்கன்று. படித்தவர்களைப் பார்த்துச் சொன்னார். கற்பவனின் வாழ்விலிருந்து தொடங்காத கல்வி, கற்பிப்பவனையுங் கெடுக்கும் என்பதை அவர் பிலிப்பைன் ஊர்களிற் கண்டு, தம் சொந்த மக்களின் பாடசாலைகளிலும் அதையே அடையாளங் கண்டுகொண்டார். எனினும், வூட்சன் சொல்லாமல் விட்டதையும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். காப்புறுதிக்காரர் மரத்தை மாற்றினார்; மொழியை மாற்ற அவருக்கு அதிகாரமில்லை. அவர் காட்டிய நாவல் மரத்தின் கீழும் பிள்ளை ஆங்கிலத்திலேயே பேசவேண்டியிருந்தது.

கல்வித் திணைக்களத்தின் தலைமையிலும் கனவு கண்டவர் இருந்தனர். 1903இலிருந்து 1909வரை அதனை நடத்திய டேவிட் பரோஸ் அவர்களுள் ஒருவர். காசீக்கே என வழங்கும் நிலவுடைமையாளரின் பிடியில் உழவர் கடனாளிகளாய்க் கிடப்பதை அவர் நன்கு கண்டார். உழவனின் பிள்ளைக்கு எழுத்தறிவும் கணக்கும் தெரிந்தால், கடன் சீட்டை வாசித்து ஏமாறாதிருப்பான் என நம்பினார். எண்ணம் நல்லது. ஆனால் நிலம் எவர் கையிலிருந்ததோ அவர் கையிலேயே இருந்தது. அதைத் தொட அமெரிக்க ஆட்சிக்கு விருப்பமில்லை, ஏனெனில் அதே நிலவுடைமையாளரே அதன் உள்ளூர்த் தூண்கள். கடன் சீட்டை ஆங்கிலத்தில் வாசிக்கத் தெரிந்தாலும் கடன் கடன்தானே. ஆங்கிலத்தை உண்மையாகக் கற்றுப் பயன்பெற்றவன் காசீக்கேயின் மகன். அதைக் கொண்டு மணிலாவில் உத்தியோகம் பெற்றான், சட்டசபைக்கும் போனான். உழவனின் மகன் இரண்டு மூன்று வகுப்போடு வயலுக்குத் திரும்பினான். நடுவில் நின்றவன் எழுதுவினைஞர் வேலையைக் கனவுகண்டு வயலை வெறுத்தான். அமெரிக்கர் இதையுங் குறைகூறினர்: பிள்ளைகள் உடலுழைப்பை இழிவாக எண்ணுகின்றனர் என்று. பரோசுக்குப் பின் வந்தவர் தொப்பி பின்னுதலையும் கூடை முடைதலையும் பாடமாக்கினர். படிக்க அனுப்பிய பிள்ளை கூடை முடைந்துகொண்டிருப்பதைக் கண்ட பெற்றார், இதற்கா பள்ளிக்கூடம் என்று கேட்டனர்.

இதே நாடகத்தின் முன்னோட்டத்தை நமது வட்டுக்கோட்டை கண்டிருக்கிறது. 1823இல் அங்கே செமினரியைத் தொடங்கியவர்களும் அமெரிக்கரே. கிறிஸ்தவ போதகரை உருவாக்க ஆங்கிலங் கற்பித்தார்கள். மாணவர் ஆங்கிலத்தைப் பெற்றுக்கொண்டு அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள். மிஷன் தலைமையகத்திலிருந்து வந்த றூபஸ் அண்டர்சன் குழுவின் ஆய்வை யடுத்து, 1855இல் செமினரி மூடப்பட்டது. மிஷனரிமார் மாணவரிற் குறைகண்டனர். மாணவரோ தமக்கு வேண்டியதைத் தெளிவாக அறிந்திருந்தனர்.

பிலிப்பைனிற் பெரும் பாரம் சுமந்தவர் தோமஸ்காரருமல்லர். ஆண்டுகள் செல்ல அமெரிக்கரின் தொகை குறைந்தது. வகுப்பறையில் நின்றவர் உள்ளூர் ஆசிரியர். மாலையில் அமெரிக்கரிடம் ஒரு பாடங் கற்று, மறுநாட் காலையில் அதையே பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியவராயிருந்தனர். மாணவனைவிட ஒரு பக்கம் முன்னே நின்ற அவர்களின் சம்பளம், அமெரிக்கர் பெற்றதில் ஒரு சிறு பங்கு. அதுவும் ஊராட்சிப் பெட்டியில் காசிருந்தாற்றான். அவர்களது சலிப்பு எந்தப் பல்கலைக்கழகத்திலும் கடிதங்களாகப் பேணப்படவில்லை.

இவ்வமைப்பின் உள்ளிருந்தே அதை மறுத்துப் பேசியவர் நஜீப் சலீபி. லெபனானிற் பிறந்த வைத்தியர். அமெரிக்கப் பிரசையாகித் தெற்கே முஸ்லிம்கள் வாழும் மோரோ மாகாணத்திற் கல்வி அதிகாரியாய்க் கடமையாற்றியவர். அரபு மொழியில் வளர்ந்த இவர், பிறர் மொழியிற் படிப்பதென்றால் என்னவென அறிந்திருந்தார். 1924இல் ஆற்றிய உரையொன்றில், மூன்று நான்கு ஆண்டு ஆங்கிலம் படித்துப் பாடசாலையை விட்டோடும் பெருந்தொகைப் பிள்ளைகளிடம் அந்த ஆங்கிலம் நிலைப்பதில்லை. தகாலொக், விசாயா, இலோக்கானோ மொழிகளிற் கற்பியுங்கள் என்று வாதிட்டார். அடுத்த ஆண்டு, கொலம்பியப் பல்கலைக்கழகத்துப் போல் மன்றோவின் தலைமையில் வந்த ஆய்வுக்குழு, மாணவரில் நூற்றுக்கு 82 பேர் நாலாம் வகுப்பைத் தாண்டுவதில்லை என்று கண்டது. கால் நூற்றாண்டுப் பெருமுயற்சியின் அறுவடை இது. இருந்தும் மன்றோ குழு ஆங்கிலமே தொடரட்டும் என்று முடித்தது. நல்லொழுக்கப் பாடத்தை மட்டும் தாய்மொழியிற் கற்பிக்கலாமாம்.

1946இல் அந்நாடு சுதந்திரம் பெற்றது. 1948இல் இலோய்லோ மாகாணத்தில், ஹொசே அகிலார் என்னும் கல்வி அதிகாரியின் மேற்பார்வையில் ஒரு பரிசோதனை தொடங்கிற்று. ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு முதலிரு வகுப்புகளில் அவர்கள் மொழியான ஹிலிகைனொனில் எல்லாப் பாடமும். மற்றப் பகுதிக்கு வழக்கம்போல் ஆங்கிலம். தாய்மொழியிற் கற்றோர் வாசிப்பிலும் கணக்கிலும் சமூகக் கல்வியிலும் முந்தினர். மூன்றாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு மாறியபின் ஆங்கிலத்திலும் விரைவில் மற்றவரை எட்டிப்பிடித்தனர். அதன் பயனாக 1957இல் முதலிரு வகுப்புகளுக்குத் தாய்மொழி போதனா மொழியாயிற்று. குரங்கென்று எழுதப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளே அவ்வகுப்புகளில் இருந்தவர்கள்.

அமெரிக்கர் மீண்டும் வந்தனர். 1961இல் அமெரிக்க அரசு அமைத்த சமாதானப் படையின் முதல் அணியினர் அவ்வாண்டு ஒக்டோபரிற் பிலிப்பைன் கிராமப் பாடசாலைகளுக்கு ஆங்கிலத்திலும் விஞ்ஞானத்திலும் ‘உதவி’ செய்ய வந்திறங்கினர். இம்முறை துப்பாக்கி முன்னே வரவில்லை. ஆனால் உதவியென்றால் என்ன வேலையென்று அனுப்பியவர்களுக்கே தெளிவில்லை. வகுப்புக்கு ஆசிரியர் இருக்கிறார். அவருக்கு அதிகாரமும் இருக்கிறது. இந்த இளைஞர் மூலையில் நிற்கவேண்டியதாயிற்று. ஊரார் விருந்திட்டனர், பாடச் சொன்னார்கள், தனியே இருக்க விடவில்லை. பலர் மனஞ்சோர்ந்தனர். தாம் வேண்டப்படாதவர் என்பதை விருந்தோம்பலின் நடுவே உணர்வதும் ஒரு வேதனையே. தோமஸ்காரரைப் போலன்றி இவர்களிற் சிலர் உள்ளூர் மொழியைக் கற்றனர். தவறு பிள்ளையிடம் இல்லை என்று எழுதவும் செய்தனர்.

வரலாற்றாசிரியர் ரெனாட்டோ கொன்ஸ்தாந்தீனோ 1959இல் எழுதி 1966இல் வெளிவந்த கட்டுரை, பிலிப்பைன் மக்கள் ‘பிழையாகக் கற்பிக்கப்பட்ட’ வரலாற்றைச் சொல்லிப் பெரும் விவாதத்தை எழுப்பியது. வூட்சன் 1933இல் தம் நூலின் தலைப்பில் வைத்த சொல்லும் அதுவே. ஒருவர் அங்கே கற்பிக்கச் சென்றவர். மற்றவர் அங்கே கற்பிக்கப்பட்டவர்.

2009இல் பிலிப்பைன் கல்வித் திணைக்களம் தாய்மொழிவழிக் கல்வியைத் தொடக்க வகுப்புகளுக்கு விதித்து ஓர் உத்தரவு பிறப்பித்தது. அதன் இலக்கமும் 74! 1901இன் சட்டத்தை நினைத்து எவரேனும் அவ்விலக்கத்தை இட்டனரோ, தானாக அமைந்ததோ, எதுவாயினும் பொருத்தமானதே. 2013இல் அது நாட்டின் சட்டமுமாயிற்று. ஆனால், 2024 ஒக்டோபரிலே 12027ஆம் இலக்கச் சட்டம் அக்கட்டாயத்தை நீக்கி, பிலிப்பினோவும் ஆங்கிலமுமே போதனா மொழிகள் என மீண்டும் வகுத்தது. ஒரே மொழி பேசும் பிள்ளைகள் கூடிய வகுப்பில் மட்டும், விரும்பினால், தாய்மொழி இருக்கலாம். நூல்கள் போதியனவாயில்லை, ஆசிரியருக்குப் பயிற்சியில்லை, மொழிகளோ மிகப் பல என்பன அதற்குக் கூறப்பட்ட காரணங்கள்.